ஈயக்குட்டையில் கோல்ஃப் புல் முளைத்தது எப்படி?

மலேசியாவில், பேராக் மாநிலத்துக் கம்பாரில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஐயா, கோலாலம்பூர் போகும் வழியில் சுங்கை பீசியில் மைன்ஸ் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்தேன். அது பழைய ஈயச் சுரங்கம் என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கமும் ஈயக்குட்டைகள் நிறையச் சும்மா கிடக்கின்றன. என் பெரியப்பாவிடமும் அதில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அந்த மண்ணில் ஒன்றும் முளைக்காது, விஷம் என்கிறார்கள். அப்படியானால் கோல்ஃப் புல் மட்டும் எப்படி முளைத்தது? எல்லாக் குட்டைகளையும் இப்படி மாற்றினால் என்ன?”

தம்பி, முளைக்கும். எல்லா இடத்திலும் முளைக்காது. ஒரு பழைய ஈய நிலத்தில் எது வரும், எது வராது என்பதை அங்கே ஈயம் எடுத்தவர்கள் மணலை எங்கே கொட்டினார்கள், சேற்றை எங்கே ஓடவிட்டார்கள் என்ற ஒரே விஷயம்தான் தீர்மானிக்கிறது. பணம் அதற்கு அப்புறம். நான் பல ஆண்டுகள் மண் பரிசோதனை வேலையில் இருந்தவன். சிலாங்கூரிலும் பேராக்கிலும் பழைய ஈய நிலங்களில் துளை போட்டு, மண் எடுத்து, எத்தனை அடியில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம். காரீயம் வேறு. அம்மா ரசம் வைத்த ஈயச்சொம்பு எந்த உலோகமோ, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசியது எந்த உலோகமோ, அதே வெள்ளீயம்தான் கிந்தா பள்ளத்தாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கிடைத்தது. தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைந்து உதிர்ந்தபோது, அதிலிருந்த கேசிட்டரைட் என்ற ஈயக் கனிமம் ஆற்றோடு வந்து பள்ளத்தாக்கின் மணலிலும் களிமண்ணிலும் தங்கிவிட்டது. அதைப் பாறையிலிருந்து உடைத்து எடுக்க வேண்டியதில்லை. மண்ணைக் கழுவினால் போதும். நம் நாட்டு ஈயத் தொழிலின் கதையே மண்ணைக் கழுவிய கதைதான்.

எப்படிக் கழுவினார்கள் என்பதைக் கவனமாகக் கேளுங்கள், உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. பள்ளத்தில் நீர்ப்பீரங்கி வைத்து மண்மேட்டின் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். மண் கரைந்து கூழாகி, பள்ளத்தின் அடியில் உள்ள குழிக்கு ஓடும். அங்கிருந்து பம்பு அந்தக் கூழை உறிஞ்சி உயரத்தில் இருக்கும் பாலோங்குக்கு ஏற்றும். பாலோங் என்பது மரச்சாரத்தின் மேல் கட்டிய, சரிவாக ஓடும் நீண்ட மரவாய்க்கால். பழைய படங்களில் பெரிய கோட்டை போல நிற்குமே, அதுதான். வாய்க்காலுக்குள் குறுக்கே கட்டைகள் அடித்திருப்பார்கள். சாதாரண மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். கேசிட்டரைட் ஏறக்குறைய 7 மடங்கு. ஆகவே ஈயம் கட்டைக்குப் பின்னால் படிந்துவிடும், மற்றதெல்லாம் தண்ணீரோடு பாலோங்கின் வால்பக்கம் போய்க் கொட்டும்.

கொட்டிய இடத்தில்தான் நிலத்தின் தலையெழுத்து எழுதப்பட்டது. பருமணல் வால்பக்கத்துக்கு அருகிலேயே விழுந்து மேடாகும். நுண்மணல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படியும். களிமண் தண்ணீரில் மிதந்துகொண்டே போய், கடைசியில் ஏதாவது பழைய பள்ளத்தில் தேங்கி, அங்கேயே மெல்ல மெல்ல இறங்கும். இந்தக் களிச்சேற்றைத்தான் தொழிலில் ஸ்லைம் என்பார்கள். ஒரே சுரங்கத்துக்குள், 200 மீட்டர் இடைவெளியில், பாலைவனம் போல மணல்மேடும், கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கும் சேறும் இருக்கும். இரண்டும் ஒரே மண்ணைக் கழுவிப் பிரித்த இரண்டு பங்கு.

மணல் பங்கை முதலில் பார்ப்போம். “ஒன்றும் முளைக்காது” என்ற பேச்சு இதை வைத்து வந்ததுதான். கழுவிக் கழுவி, மண்ணுக்கு உயிர் கொடுக்கும் களியும் மக்கும் போய்விட்டன. சத்து நிற்க இடமில்லை, தண்ணீரும் நிற்காது. நடுப்பகலில் வெறுங்காலோடு நிற்க முடியாத அளவுக்குச் சுடும். விட்டுவைத்தால் பல ஆண்டுகளுக்கு லாலாங் புல்லும் சில புதர்களும்தான் கண்ணில் படும். இது விஷத்தால் அல்ல, பட்டினியால்.

இந்தப் பட்டினி மணலைத்தான் கோல்ஃப் மைதானம் கட்டுகிறவர் விரும்புவார். பந்தைக் குழிக்குள் தள்ளும் பசுந்திடல் இருக்கிறதே, அதற்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இலேயே ஒரு முறை வகுத்தது: அடியில் வடிகால் குழாய், மேலே 10 சென்டிமீட்டர் சரளை, அதன் மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. வயல்மண்ணோ தோட்டமண்ணோ கூடாது, மணல்தான் வேண்டும். ஆயிரம் கால்கள் மிதித்தாலும் மணல் இறுகாது, மழை விட்டவுடன் தண்ணீர் இறங்கிவிடும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சாயங்கால இடிமழைக்குப் பிறகு அரைமணியில் ஆட வேண்டுமானால் களிமண் நிலம் காலை வாரிவிடும். சலித்து, கழுவி, துகள் அளவு பொருந்திவிட்டால் பழைய சுரங்க மணல் இதற்குக் கைமேல் கிடைத்த பொருள். சத்துக் குறையை உரத்தால் சரிக்கட்டலாம், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வடியாத மண்ணை வடியவைப்பது அதைவிடப் பெரிய பாடு.

புல்லைப் பற்றியும் ஒன்று. வெப்பநாட்டுப் பசுந்திடல்களில் பெரும்பாலும் இருக்கும் பெர்முடா புல், நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லின் இனம். டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டை ரகம், அறுகும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றும் கலந்து பிறந்தது. ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி’ என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே, அந்த வேர்தான் இங்கே வேலை செய்கிறது. மேலே ஓடும் கொடி, கீழே ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர். தளர்ந்த மணலை அது பின்னிப் பிடித்துக்கொள்ளும். விதை தூவாமல் தண்டுத் துண்டுகளைப் பரப்பி நடுவார்கள். தண்ணீரும் உரமும் தப்பாமல் கிடைத்தால் சில மாதங்களில் வெள்ளை மணல் பச்சையாகிவிடும்.

இனி சேறு. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஸ்லைம் படிந்த குட்டை 30, 40 ஆண்டு கழித்து வற்றிக் காய்ந்து, மேலே வெடிப்பு விட்டு, புல் பூண்டு முளைத்து, நல்ல தரை போலவே தெரியும். மேல் ஓடு சில அடிதான். கீழே கெட்டித் தயிர். களித்துகள் அவ்வளவு சிறியது, அதற்குள் சிக்கிய தண்ணீர் தானாக வெளியேறப் பல தலைமுறை ஆகும். ஒருமுறை நான் துளை போட்ட இடத்தில், கம்பியை அடித்து இறக்கத் தேவையே வரவில்லை. தன் பாரத்திலேயே எட்டு மீட்டர் இறங்கியது. அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். குத்தகைக்காரர் அவசரத்தில் மண்வாரி இயந்திரத்தை இறக்கினார். மறுநாள் காலையில் ஓட்டுநர் அறையின் கூரை மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் முந்தைய மாலையே இறங்கிவிட்டதால் உயிர் தப்பினார். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஸ்லைம் எல்லையைச் சிவப்பில் வரைந்து கொடுப்பேன்.

சேற்றைச் சரிசெய்ய வழிகள் இல்லாமல் இல்லை. முழுவதும் அள்ளி எடுத்துவிட்டு மணல் நிரப்பலாம். ஓரத்திலிருந்து மணலைத் தள்ளித் தள்ளிச் சேற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கலாம். தண்ணீர் வெளியேற நாடா போன்ற வடிகால்களைச் செங்குத்தாக இறக்கி, மேலே மண்பாரம் ஏற்றி மாதக்கணக்கில் விட்டுவைக்கலாம். கல்தூண்கள் இறக்கலாம். எல்லாமே செலவு. கட்டடம் வரப்போகும் இடத்தில்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

கோல்ஃப் மைதானம் இந்த நிலத்துக்குப் பொருந்துவதன் காரணம் இங்கேதான் வருகிறது. ஒரு வீட்டின் ஒரு மூலை ஐந்து சென்டிமீட்டர் இறங்கினாலே சுவர் பிளக்கும். ஆட்டப்பாதை அரையடி இறங்கினால் ஒரு மேடுபள்ளம் கூடியது, அவ்வளவுதான். மணல்மேட்டை மேடாகவே விடலாம். குட்டையைக் குட்டையாகவே விட்டு, பந்து விழும் தண்ணீராக்கலாம். மிக மோசமான சேற்று மூலையை ஆட்டத்துக்கு வெளியே தள்ளிவிடலாம். அந்தக் குட்டையே மழைநீரைத் தாங்கும், வெயில் காலத்தில் புல்லுக்குப் பாய்ச்சும். வெப்பநாட்டில் புல்தரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டருக்கு 50,000 லிட்டர். 25 ஹெக்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு 12.5 லட்சம் லிட்டர். மழை தவறிய வாரத்தில் இதைக் குழாய்த் தண்ணீரில் செய்தால் ஊர் கேள்வி கேட்கும். குட்டை இருந்தால் கேட்காது.

நீங்கள் பார்த்த மைன்ஸ் அப்படி வந்ததுதான். அங்கே இருந்தது ஹோங் ஃபட் சுரங்கம், உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் எடுத்தது. பள்ளம் ஏரியானது, கரையில் விடுதிகளும் பேரங்காடியும் வந்தன, ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் 18 குழி மைதானத்தை வடிவமைத்தார். 1999-இல் உலகக் கோப்பை கோல்ஃப் அங்கேதான் நடந்தது. டைகர் வூட்ஸும் மார்க் ஓமியராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். 2010 முதல் 2012 வரை பெரிய பரிசுப் போட்டி ஒன்றும் அங்கே நடந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அழகான ஏரி. அது ஒரு காலத்தில் கூலியாட்கள் வியர்வை சிந்திய பள்ளம் என்று பேரைத் தவிர வேறு எதுவும் அங்கே சொல்வதில்லை. அது எனக்கு உறுத்துகிறது. ஒரு பாலோங்கையாவது நிற்கவிட்டிருக்கலாம்.

வெளிநாட்டிலும் இதற்குக் கூட்டு உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பாஸ்பேட் தோண்டிய நிலத்தில் மொசைக் என்ற உர நிறுவனமே ஸ்ட்ரீம்சாங் என்ற பெயரில் இரண்டு மைதானங்களை 2012-இன் இறுதியில் திறந்தது, 2017-இல் மூன்றாவது. அங்கேயும் இதே கதை: சுரங்கம் கொட்டிவைத்த மணல்மேடுகள் காற்றிலும் மழையிலும் குன்றுகளாகிக் கிடந்தன, வடிவமைத்தவர்கள் அவற்றை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள். ஃப்ளோரிடாவில் 1975 ஜூலைக்குப் பிறகு தோண்டிய பாஸ்பேட் நிலத்தை, தோண்டியவரே சீர்செய்து தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் பக்கம், ஈயத்தை வாங்கி வைத்து விலை சரியாமல் தாங்கிவந்த அனைத்துலக ஈய மன்றம் 1985 அக்டோபர் 24 அன்று கையில் காசில்லை என்று கைவிரித்தது, லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்றது. விலை சரிந்து, சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். அந்த நேரத்தில் பள்ளத்தை யார் மூடுவது என்று கேட்க ஆளும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. உங்கள் ஊர்க் குட்டைகள் அப்படி நின்றுபோனவை.

விஷம் பற்றிக் கேட்டீர்கள். பயம் முழுப் பொய்யும் அல்ல. ஈயத் தாதுவோடு பல இடங்களில் ஆர்செனிக் கலந்த கனிமமும் வரும். தென் தாய்லாந்தின் ரோன் பிபூனில், ஈயம் எடுத்த பகுதியின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத் தோலில் ஆர்செனிக் நோய் வந்தது 1987-இல் தெரியவந்தது. இன்னொன்று ஆமாங். ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கனமான கருமணல். இல்மனைட், சிர்கோன், மோனசைட் எல்லாம் அதில் இருக்கும். மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிர்வீச்சு உள்ள பொருள். ஆமாங் ஆலை இருந்த இடமோ, ஆமாங் குவித்து வைத்த இடமோ என்றால், அளந்து பார்க்காமல் அந்த மண்ணைத் தொடவே வேண்டாம். சாதாரண மணல்மேட்டுக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை. குட்டைத் தண்ணீரையும், அதில் வளர்க்கும் மீனையும் ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும்.

எதிர்த்திசை விஷமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. மணலில் எதுவும் நிற்காது என்றேனே. கோல்ஃப் புல்லுக்குப் போடும் உரமும் பூச்சிமருந்தும்கூட நிற்காது. மழையோடு இறங்கி அதே குட்டைக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்கு. நல்ல மைதானம் கரையோரத்தில் மருந்தடிக்காத ஒரு பட்டையை விட்டு, புதர் வளர்த்து வடிகட்டும். மோசமான மைதானத்தைக் குட்டையில் படரும் பச்சைப் பாசியே காட்டிக்கொடுக்கும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: எல்லாக் குட்டைகளையும் இப்படி மாற்றினால் என்ன? வேண்டாம், தம்பி. இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

கோல்ஃப் வருவதற்கு வெகு காலம் முன்பே நம் ஊரில் இதைவிட நல்ல காரியம் நடந்திருக்கிறது. தைப்பிங் ஏரிப் பூங்கா கைவிட்ட ஈயச் சுரங்கம்தான். 1880-இல் பூங்காவாக்கினார்கள். கிளைகள் தண்ணீரைத் தொடும் அந்த மழைமரங்களுக்கு அடியில் இன்றைக்கும் எவரும் காசு கொடுக்காமல் நடக்கலாம். கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 1920களில் மரம் நடத் தொடங்கியபோது அங்கே ஈயம் தோண்டிய பள்ளமும் காய்கறிக் கொல்லையும்தான் கிடந்தன. நட்டு, காத்து, நூறாண்டில் அது காடாகிவிட்டது. மனிதர் நட்ட அந்தக் காடு 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. வாழ்நாளெல்லாம் இந்த மண்ணைத் துளையிட்டு, “பயனற்றது” என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்!

உங்கள் பக்கத்திலேயே தஞ்சோங் துவாலாங்கில் ஈயக்குட்டைகளில் ஆற்று இறால் வளர்க்கிறார்கள், அதைச் சாப்பிடவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். நீங்கள் கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் படிப்பவராக இருந்தால், உங்கள் வளாகத்து ஏரிகளும் ஈயக்குட்டைகளே. 2014-இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது பெஸ்தாரி ஜெயா பக்கத்துக் குட்டைத் தண்ணீரை ஆற்றில் இறைத்துச் சமாளித்தார்கள். நகரத்துக்கு அருகில், மணல் நிறைய உள்ள, காசு போட ஆள் உள்ள இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் வருவதை நான் குறைசொல்ல மாட்டேன். திறந்து கிடக்கும் பள்ளத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பள்ளிப் பிள்ளைகள் குளிக்கப் போய் உயிர்விடும் செய்தி இன்றும் வருகிறது. ஈயக்குட்டையின் கரை இரண்டடி மெல்லச் சரிந்து, மூன்றாவது அடியில் கிணறு போல விழும். நீச்சல் தெரிந்தவனையும் அடிச்சேறு பிடித்துக்கொள்ளும். எங்கள் சின்ன வயதில், “குட்டைப் பக்கம் போனே, காலை ஒடிச்சிருவேன்” என்று அப்பா சொன்னதன் அர்த்தம் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் 18 குழிக்கு ஆட வருகிறவர்கள் சில நூறு பேர். கம்பாரைச் சுற்றி உள்ள அத்தனை குட்டைகளுக்கும் அத்தனை ஆட்டக்காரர்கள் இல்லை. வேலி போட்டு உறுப்பினருக்கு மட்டும் என்று பூட்டிவிட்டால், அங்கே தூண்டில் போட்டுக் குழம்புக்கு மீன் பிடித்தவனுக்கு இடமில்லை.

பெரியப்பா நிலத்துக்கு வருகிறேன். முதலில் கிராண்ட் என்ற நில உரிமைப் பத்திரம் இருக்கிறதா, இல்லை நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் அனுமதிதானா என்று பாருங்கள். ஈய நிலம் பல இடங்களில் குத்தகை முடிந்து மாநில அரசுக்குத் திரும்பிவிட்டது. வருடாவருடம் புதுப்பிக்கும் அனுமதியை நம்பி மரம் நடுவது ஆபத்து. அது சரியாக இருந்தால், பழைய பாலோங் எங்கே நின்றது, வால் எந்தப் பக்கம் பார்த்தது என்று ஊர்ப் பெரியவர் யாரிடமாவது கேளுங்கள். கிடைக்காவிட்டால் உயரமான மணல்மேட்டைக் கண்டுபிடியுங்கள், வால் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து விலகிப் போகப் போகச் சேறு. பத்தடி இரும்புக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு இடமாகக் குத்திக்கொண்டே போங்கள். கரகரவென்று நின்றால் மணல், வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் சேறு. தனியாகப் போகாதீர்கள், இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மணல் பக்கம் கோழி எரு கொட்டினால் காய்கறியே எடுக்கலாம். மரம் நடுவதானால் பீடோரில் வன ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் இருக்கிறது, இதே மணலில் என்ன மரம் வரும் என்று நட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு நடை போய்க் கேளுங்கள். சேற்றுப் பக்கம் இப்போதைக்கு வேலி மட்டும் போடுங்கள்.

கம்பி எங்கே எவ்வளவு இறங்கியது என்று ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். எங்கே கோடு கிழிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.